தாராபுரத்தில் நின்ற கப்பல்: பழைய லாக் புத்தகங்களில் காற்றையும் மழையையும் படித்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லாக் புத்தகத்திலிருந்து, அதாவது கப்பலில் தினமும் எழுதிய நாட்குறிப்பிலிருந்து, நான் முதன்முதலில் படித்தெடுத்த பாய்மரக் கப்பலை வரைபடத்தில் குறித்தபோது, அது தாராபுரத்தில் நின்றது. அமராவதி ஆற்றில் அந்த அளவுக்குத் தண்ணீர் எந்தக் காலத்திலும் வந்ததாகத் தெரியவில்லை. அட்சரேகை 10 டிகிரி 44 நிமிடம் வடக்கு, தீர்க்கரேகை 77 டிகிரி 31 நிமிடம் கிழக்கு. பக்கத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். அது 77 இல்லை, 71. எழுதிய மனிதர் 1 என்ற எண்ணுக்குத் தலையில் ஒரு கொக்கி போடுகிறவர். கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே, அரபிக்கடலில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூத்தடித்தது நான்தான்.

கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கப்பல் குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஆனியும் ஆடியும் உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கம் வந்து பாருங்கள். காற்றாலைக் காத்தாடிகள் நிற்காமல் சுற்றும், தகரக் கூரை படபடக்கும், தென்னை ஓலை எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடக்கும். அந்தக் காற்று நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிறது. எனக்குத் தவறாகத் தெரிந்த அந்த 77-க்கும் நிஜமான 71-க்கும் நடுவே சுமார் 650 கிலோமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று நேராக வந்தால் ஒரு நாள்கூட ஆகாது. அதாவது அந்த மாலுமி முகத்தில் அடித்த காற்று, மறுநாள் நம் களத்துமேட்டில் அடிக்கும் காற்று.

நிலத்தில் கருவி வைத்து எழுதிய பதிவுகள் நம் பக்கம் ரொம்பப் பின்னால்தான் தொடங்கின. சென்னை வானாய்வகம் கட்டப்பட்டது 1792-ல். அங்கே வானியலாளர் கோல்டிங்ஹாம் வானிலைக் குறிப்பு எழுத ஆரம்பித்தது 1796-ல். இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-ல். கடலில் அதற்கு ரொம்ப முன்பிருந்தே தினமும் காற்றை எழுதி வந்தார்கள். எழுதாவிட்டால் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வானிலை ஆராய்ச்சிக்காக எழுதியதில்லை, பிழைப்புக்காக எழுதியது. அதனாலேயே நம்பலாம்.

எந்தப் பக்கத்தைத் திறப்பது

வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியவை நிறைய. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் லாக் புத்தகங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில், கடல்சார் வரிசையில் இருக்கின்றன. கம்பெனி 1834 வாக்கில் வணிகக் கப்பல் ஓட்டுவதை நிறுத்தும்வரை அவை ஓடுகின்றன. இங்கிலாந்துக் கடற்படையின் லாக்குகள் பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில், அட்மிரால்டி வரிசை 51 முதல் 53 வரை. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் லாக்குகளை நியூ பெட்ஃபோர்டு அருங்காட்சியகம் படமெடுத்துப் போட்டிருக்கிறது. அவர்களும் இந்தியப் பெருங்கடலில் சுற்றியவர்கள்தான். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் திமிங்கில முத்திரை குத்தியிருப்பார்கள். பிடித்தால் முழுத் திமிங்கிலம், தப்பித்துவிட்டால் வால் மட்டும். முதல் பக்கத்திலேயே மனசு அதில் போய்விடும், வேலை நடக்காது.

ஏற்கெனவே படித்தெடுத்து அட்டவணையாக்கியதும் உண்டு. 1750 முதல் 1850 வரையிலான ஆங்கில, டச்சு, ஸ்பானிய, பிரெஞ்சு லாக்குகளைத் தொகுத்த கிளிவாக் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் தரவு இலவசம். உலகக் கப்பல் பதிவுகளை எல்லாம் சேர்த்த ஐகோட்ஸ் என்ற பெருந்தொகுப்பும் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய ஓல்டு வெதர் திட்டத்தில் பொதுமக்களே உட்கார்ந்து கப்பல் பக்கங்களைப் படித்துக்கொடுத்தார்கள்.

என் யோசனை: கிளிவாக்கில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பக்கத்தை எடுத்து நீங்களாகப் படித்துப் பாருங்கள். அப்புறம் அவர்கள் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்ப்பதுபோலத்தான், ஆனால் இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கையெழுத்து ரொம்பப் படுத்தினால் 1853-க்குப் பிந்தைய லாக்கில் தொடங்கலாம். அந்த வருஷம் அமெரிக்கக் கடற்படையின் மோரி முன்னின்று பிரஸ்ஸல்ஸில் கூட்டிய மாநாட்டில்தான் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஒரே மாதிரிப் படிவம் என்று பேசி முடித்தார்கள்.

நாள் எது என்று தெரிந்துகொள்வது

பெரும்பாலோர் சறுக்குகிற இடம் இதுதான், நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய கப்பலில் நாள் நள்ளிரவில் பிறக்காது, நண்பகலில் பிறக்கும். அதுவும் நம் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே. லாக்கில் 'ஜூலை 14' என்று இருந்தால், அது நம் கணக்கில் 13-ஆம் தேதி நண்பகலில் தொடங்கி 14-ஆம் தேதி நண்பகலில் முடிகிறது. பிற்பகல் முதலில் வரும், முற்பகல் பின்னால் வரும். பக்கத்தில் பி.எம். மேலேயும் ஏ.எம். கீழேயும் இருந்தால் அது கப்பல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் கடற்படை 1805-ல் இந்த வழக்கத்தை விட்டது. கம்பெனிக் கப்பல்கள் அதற்குப் பிறகும் சில காலம் பழைய வழியிலேயே போயின. இதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பதிவுகள் ஒரு நாள் தள்ளிப் போகும். பருவமழை எந்தத் தேதியில் பிடித்தது என்று பார்க்கிறவருக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

தேதியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு, அதில் தமிழருக்கு ஒரு சலுகை. பல லாக்குகளில் கிழமையை எழுத்தில் எழுதாமல் கிரகக் குறியில் போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதற்கு ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டும், ஏனென்றால் ஃப்ரைடே என்ற சொல்லில் வெள்ளிக் கிரகத்தின் பெயர் கிடையாது. நமக்குக் கிழமையே கிரகம். வட்டத்தில் ஒரு புள்ளி என்றால் ஞாயிறு. பிறை என்றால் திங்கள். வட்டத்திலிருந்து அம்பு கிளம்பினால் செவ்வாய். வட்டத்துக்கு மேலே கொம்பும் கீழே சிலுவையும் என்றால் புதன். நாலு என்ற எண் போலிருந்தால் வியாழன். வட்டத்துக்குக் கீழே சிலுவை மட்டும் என்றால் வெள்ளி. தலையில் குறுக்குக்கோடு போட்டுக் கீழே வால் வளைந்தால் சனி. கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

ஒரு பக்கத்தை நடத்திப் பார்ப்போம்

பழகுவதற்காக நானே கட்டிய மாதிரிப் பக்கம் இது. எந்த நிஜக் கப்பலும் இல்லை, நிலை மட்டும் தாராபுரம் கப்பலுடையது. ஆனால் இப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக் குறி, ஜூலை 14, 1815. பி.எம்.: 'ஃப்ரெஷ் கேல்ஸ் அண்ட் ஸ்க்வாலி வித் ரெய்ன்', காற்று டபிள்யூ.எஸ்.டபிள்யூ. (மேற்குத் தென்மேற்கு), 'சிங்கிள் ரீஃப்டு டாப்செயில்ஸ்' (மேல்பாய்களை ஒரு மடிப்பு சுருக்கியது). நள்ளிரவில் 'டிட்டோ வெதர்' (மேலே சொன்ன அதே வானிலை). ஏ.எம்.: 'ஸ்ட்ராங் ப்ரீஸஸ் அண்ட் க்ளவுடி', காற்று டபிள்யூ. பை எஸ். நண்பகலில் 'நோ அப்சர்வேஷன்'. நிலை, கணக்குப்படி, 10.44 வடக்கு, 71.31 கிழக்கு. பாரமானி (காற்றழுத்தமானி) 30.02, தெர்மாமீட்டர் 81.

1815 ஜூலை 14 வெள்ளிக்கிழமைதான். சரி, மேலே போகலாம்.

நிலை

'நோ அப்சர்வேஷன்' என்றால் அன்று நண்பகலில் சூரியன் தெரியவில்லை, அளக்க முடியவில்லை என்று பொருள். தென்மேற்குப் பருவத்தில் இது அடிக்கடி வரும். நம் ஊரிலும் ஆனி, ஆடியில் மழை பெய்யாமலேயே நாள் முழுக்க மூட்டம் போட்டு நிற்குமே, அதேதான். சூரியன் தெரியாதபோது வேகத்தையும் திசையையும் வைத்து, நேற்றிருந்த இடத்திலிருந்து கணக்குப் போட்டு எழுதுவார்கள்.

வேகத்தை அளந்த விதத்தில்தான் இந்தப் புத்தகத்துக்குப் பெயரே வந்தது. லாக் என்றால் கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு பலகைத் துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். சுமார் 28 நொடி ஓடும் மணல் கடிகாரம் தீருவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியதோ, அத்தனை நாட் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கயிறு நனைந்து நீண்டாலும் மணல் ஈரத்தில் மெதுவாக ஓடினாலும் கணக்கு கெடும். நாலைந்து நாள் சூரியன் தெரியாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நிலை அளந்ததா, கணக்கிட்டதா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும்.

தீர்க்கரேகை எங்கிருந்து எண்ணப்பட்டது என்றும் பாருங்கள். கிரீன்விச் பொதுவானது 1884-ல்தான். பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து எண்ணுவார்கள், கிரீன்விச்சுக்கு மாற்ற 2 டிகிரி 20 நிமிடம் கிழக்கே தள்ள வேண்டும். டச்சுக்காரர் பல காலம் டெனெரிஃப் சிகரத்திலிருந்து எண்ணினார்கள். சில கப்பல்கள் கடைசியாகப் பார்த்த கரையிலிருந்தே எண்ணும்.

அடுத்த நாள் நிலையோடு எப்போதும் ஒப்பிடுங்கள். நம் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது ஏறக்குறைய 59 கடல்மைல். பாய்மரக் கப்பல் ஒரு நாளில் 200 கடல்மைல் போவதே நல்ல ஓட்டம். ஒரே நாளில் 6 டிகிரி பாய்ந்திருந்தால், உங்கள் கப்பலும் தாராபுரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

காற்று

திசை சுலபம். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் எழுதப்படும், மேற்கிலிருந்து வருவதை நாம் 'மேகாத்து' என்பதுபோல. நீரோட்டத்துக்கு மட்டும் எங்கே போகிறது என்று எழுதுவார்கள். திசைகள் மொத்தம் 32, ஒவ்வொன்றும் பதினொன்றே கால் டிகிரி. நம் மாதிரியில் டபிள்யூ.எஸ்.டபிள்யூ. என்பது இருநூற்று நாற்பத்தேழரை டிகிரி. டபிள்யூ. பை எஸ். என்பது அதைவிட ஒரு புள்ளி மேற்கே, இருநூற்று ஐம்பத்தெட்டே முக்கால். ஆனால் இது திசைகாட்டி காட்டிய திசையாக இருக்கலாம். காந்த ஊசி நேர் வடக்கைக் காட்டாது. அந்தக் காலத்தில் நன்னம்பிக்கை முனைப் பக்கம் ஊசி 20 டிகிரிக்கும் மேல் மேற்கே விலகி நின்றது. லாக்கில் 'வேரியேஷன்' என்ற கட்டம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள், திருத்தத்தைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

வேகம்தான் சுவையான பகுதி. எண் இருக்காது, சொல் இருக்கும். எங்கள் அப்பாரு மழையை மில்லிமீட்டரில் சொன்னதே இல்லை. 'ஒரு உழவு மழை' என்பார், 'ரெண்டு உழவு மழை' என்பார். ஏர் ஓட்டும் ஆழத்துக்கு ஈரம் இறங்கியதா என்பதுதான் அளவு. வெளியூர்க்காரனுக்கு அது பேச்சு. நம் ஊர்க் குடியானவனுக்கு அது அளவுகோல், அதுவும் மண்ணில் கைவிட்டுப் பார்த்துச் சொன்னது. மாலுமியின் 'ஃப்ரெஷ் கேல்' அந்த வகைச் சொல்தான். ஒரே தொழில்காரர்கள் ஒரே சொல்லை ஏறக்குறைய ஒரே காற்றுக்குச் சொன்னார்கள். அதனால்தான் கிளிவாக்காரர்கள் நாலு மொழிச் சொற்களுக்கும் அகராதி போட்டு அவற்றை போஃபோர்ட் அளவுக்கு மாற்ற முடிந்தது.

போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1806-ல் தன் நாட்குறிப்பில் இந்த அளவை எழுதினார். 1831-ல் கிளம்பிய பீகிள் கப்பலில் கேப்டன் ஃபிட்ஸ்ராய் அதைப் பயன்படுத்தினார். 1838-ல் இங்கிலாந்துக் கடற்படை முழுக்க வந்தது. பூஜ்யம் முதல் 12 வரை. காத்தாடி ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிபடும்: இறக்கை மெல்லச் சுற்றத் தொடங்குவது 3 பக்கம். முழு உற்பத்தி வருவது 6 வாக்கில். காற்று அளவு மீறிவிட்டது என்று காத்தாடியே தன்னை நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் 10-ல்.

சொற்களைப் பொதுவாக இப்படி மாற்றுவார்கள். லைட் ஏர்ஸ் 1, லைட் ப்ரீஸ் 2, ஜென்டில் 3, மாடரேட் 4, ஃப்ரெஷ் ப்ரீஸ் 5, ஸ்ட்ராங் ப்ரீஸ் 6. அப்புறம் கேல் வரிசை: மாடரேட் 7, ஃப்ரெஷ் 8, ஸ்ட்ராங் 9, ஹோல் 10. அதற்கு மேல் புயல். ரொம்பப் பழைய லாக்குகளில் உஷார். அங்கே கேல் என்பது நன்றாக வீசும் காற்றையே குறிக்கலாம்.

இப்போது நம் மாதிரியைப் பாருங்கள். சொல் 'ஃப்ரெஷ் கேல்', அதாவது 8. ஆனால் பாய் என்ன சொல்கிறது? போஃபோர்ட் தன் அளவை விளக்கியதே பாயை வைத்துத்தான். ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்பதுதான் அவர் அளவு. டாப்செயிலை ஒரு மடிப்பு சுருக்கிக் கட்டினால் 6, இரண்டு மடிப்பு என்றால் 7, மூன்று என்றால் 8. இங்கே ஒரு மடிப்புதான். போர்க்கப்பலைவிட ஆள் குறைந்த வணிகக் கப்பல் முன்கூட்டியே பாயைச் சுருக்கிவிடும். அப்படிப்பட்ட கப்பலே ஒரு மடிப்போடு ஓடுகிறது என்றால் காற்று 8 இருந்திருக்காது. எழுதியவருக்கு ஸ்க்வால், அதாவது திடீரென்று அடித்து ஓயும் சூறைக்காற்று, மனதில் நின்றிருக்கும். நான் இதில் பாயைத்தான் நம்புவேன். ஆனால் அட்டவணையில் இரண்டையும் எழுதுவேன்: சொல்லின்படி 8, பாயின்படி 6. எதை எடுப்பது என்பதை ஆய்வு செய்கிறவர் முடிவு செய்யட்டும்.

வானம்

இதில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். 1830-களுக்குப் பிறகு ஒற்றை எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதுவும் போஃபோர்ட் வழக்கம்தான். பி நீலவானம், சி மேகம், ஓ முழு மூட்டம், ஆர் மழை, டி என்று ஒலிக்கும் எழுத்து இரண்டு: D தூறல், T இடி. தமிழ் உச்சரிப்பில் குழம்பாமல் ஆங்கில எழுத்தைப் பார்த்தே எழுதுங்கள். க்யூ ஸ்க்வால், எல் மின்னல். எனக்குப் பிடித்தது யூ, 'அக்லி'. வானம் அவலட்சணமாக இருக்கிறது, ஏதோ வரப்போகிறது என்று பொருள். எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்திருந்தால் வழக்கத்தைவிடக் கடுமை. புள்ளியை மைத்துளி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கருவிகள்

கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியாக இருந்த டால்ரிம்பிள் வற்புறுத்தியதால் 1790-களிலிருந்து பல கம்பெனிக் கப்பல்களில் பாரமானியும் தெர்மாமீட்டரும் ஏறின. அவற்றின் சுமார் 900 லாக்குகளைப் பின்னாளில் இங்கிலாந்தில் எண்ணாக்கினார்கள்.

வெப்பம் ஃபாரன்ஹீட். 32 கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுங்கள். 81 என்பது 27.2 செல்சியஸ். ஆனால் கருவி பல நேரம் கேப்டன் அறைக்குள் தொங்கியது, ஆகவே வெளிக்காற்றின் வெப்பம் என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

பாரமானியில் பாதரசத்தின் உயரம் அங்குலத்தில். ஓர் அங்குலம் 33.864 ஹெக்டோபாஸ்கல். 30.02-ஐ நேராக மாற்றினால் 1016.6. ஜூலை அரபிக்கடலுக்கு இது அதிகம். பாதரசம் சூட்டில் விரிந்து உயரம் கூடக் காட்டுகிறது. 81 டிகிரிக்கு ஏறக்குறைய 0.14 அங்குலம் கழிக்க வேண்டும், அப்போது சுமார் 1012. நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு, அதற்கு இன்னொரு 0.07 அங்குலம். கடைசியில் 1009 பக்கம் வந்து நிற்கிறது, நம்பும்படியாக இருக்கிறது.

அட்டவணை

கூகுள் ஷீட்டோ எக்செலோ போதும். முதல் கட்டத்தில் கப்பல், ஆவண எண், பக்கம். அடுத்து லாக்கில் உள்ள தேதி, நம் தேதி. நம் மாதிரியின் பி.எம். வரி 13-ஆம் தேதிக்கும், ஏ.எம். வரி 14-ஆம் தேதிக்கும் போகும், ஆக ஒரு பக்கம் இரண்டு வரியாகும். பிறகு எழுதியது எழுதியபடியே ஒரு கட்டம், அதன் பக்கத்தில் நீங்கள் மாற்றிய எண். மூலச் சொல்லை ஒருபோதும் அழிக்காதீர்கள். நாளைக்கு யாராவது 'ஃப்ரெஷ் கேல்' 8 இல்லை 7 என்று நிறுவினால், உங்கள் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். 'காம்' என்று எழுதியிருந்தால்தான் காற்று பூஜ்யம். ஒன்றும் எழுதாமல் இருந்தால் அது ஒன்றும் எழுதாதது, அவ்வளவுதான். 'டிட்டோ' வந்தால் டிட்டோ என்றே எழுதி, பக்கத்துக் கட்டத்தில் பொருளை விரியுங்கள். புரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போதும். முடிந்தால் அதே பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகள் படித்தபோது நான் 3 என்று எழுதிய இடமெல்லாம் 8 என்று வந்தது. அவள்தான் சரி.

இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

அரபிக்கடலில் காற்று நிலையாகத் தென்மேற்கே திரும்பிய தேதியை வருஷவாரியாகப் பார்க்கலாம். அது பருவமழை பிடித்ததன் நல்ல அடையாளம். தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-77, கோவை, சேலம் ஜில்லாக்களை உலுக்கியது. அந்த மாதிரி வருஷங்களில் கடல்காற்று எப்படி இருந்தது என்று தேடினால் கை வேலையை விடவே மாட்டீர்கள்.

ஆனால் கடலில் காற்று பலமாக இருந்தால் கோவையில் மழை பெய்தது என்று எழுதிவிடாதீர்கள். நம்முடையது மழைமறைவுப் பகுதி. அந்தக் காற்று மழையை வால்பாறையிலும் சிறுவாணியிலும் இறக்கிவிட்டு, வெறுங்கையோடுதான் பல்லடம் வருகிறது. ஆகவே அரபிக்கடல் லாக்கு நமக்கு பவானி, ஆழியாறு, அமராவதித் தண்ணீரைப் பற்றிப் பேசும். நம் வயல்காட்டில் விழும் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வங்கக்கடல் லாக்குகளைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அந்த மாதங்களில் புயலுக்குப் பயந்து கப்பல்கள் சென்னைக் கரையை ஒதுக்கின. ஆடியில் மலபார்க் கரைக்கும் அதே கதிதான். பதிவு குறைவாக இருக்கும் மாதமே மோசமான மாதம் என்று பாதி புரிந்துகொள்ளலாம், மீதியை யூகிக்கக்கூடாது. மாட்டிக்கொண்ட கப்பல்களின் லாக்குகள் கிடைத்தால் அவை பொன். கல்கத்தாவில் இருந்த பிடிங்டன் அப்படிப்பட்ட பல லாக்குகளை ஒன்றாக வைத்து, புயல் நேர்க்கோட்டில் வீசாமல் சுழல்கிறது என்று விளக்கினார். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-ல் அவர்தான் வைத்தார்.

போன ஆடியில் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து என் திரையை எட்டிப் பார்த்தார். தாராபுரம் கப்பலின் பக்கம்தான் திறந்திருந்தது.

"ஏஞ்சாமி, அந்த வருசம் நம்மூர்ல மழ பேஞ்சுதாமா?"

"அது இதுல இல்லீங்க பெரியப்பா."

"அப்ப என்னதான் இருக்குது?"

"காத்து இருக்குதுங்க. மேகாத்து."

அவர் துண்டைக் காதுக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டார். நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன். சனிக் குறி, 'டிட்டோ வெதர்'.